இன்னும் அங்கதான் இருக்காங்க, மிஸ்

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வரும். மேற்கோள் குறிக்குள் யாரோ பேசியிருப்பார். அந்தக் குறியை எடுத்துவிட்டு, அவர் இன்னது சொன்னார் என்று நம் வாயால் சொல்வதுபோல எழுத வேண்டும். டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட் ஸ்பீச்சாக மாற்று என்பார்கள். தமிழ் இலக்கணத்தில் நேர்க்கூற்று, அயற்கூற்று. முன்பு பள்ளியிலும், இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டு மாடியில் மாலை டியூஷனிலும் இதைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எந்தச் சொல் எதுவாக மாறும் என்ற அட்டவணையைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், மதிப்பெண் வாங்குவார்கள், நாங்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். உட்கார்ந்து யோசிக்க அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்ற வைத்தது, போன வருடக் காலாண்டுத் தேர்வுத் தாளில் பார்த்த ஒரே ஒரு வரிதான்.

கேள்வி இது: மதர் செட் டு மீ, "யுவர் கிராண்ட்மதர் இஸ் இன் ஹாஸ்பிடல் நவ்." என் டியூஷன் மாணவி ஒருத்தி எழுதியிருந்த பதில்: மதர் டோல்ட் மீ தட் மை கிராண்ட்மதர் இஸ் இன் ஹாஸ்பிடல் நவ். 'இஸ்' மேலும் 'நவ்' மேலும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் பூஜ்யம் போட்டிருந்தது. 'வாஸ்' என்றும் 'தென்' என்றும் எழுதியிருக்க வேண்டும் என்பது விடைக்குறிப்பு. ஆனால் இவள் நன்றாகப் படிக்கிறவள். அட்டவணையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். 'செட் டு' என்பதை 'டோல்ட்' ஆக்கத் தெரிந்திருக்கிறது, 'யுவர்' என்பதை 'மை' ஆக்கத் தெரிந்திருக்கிறது. அதே வரியில் இந்த இரண்டை மட்டும் ஏன் தொடாமல் விட்டாள்?

"மறந்துட்டியாம்மா?" என்று கேட்டேன். "இல்ல மிஸ்" என்றாள். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "எங்க ஆயா நெஜமாவே ஆஸ்பத்திரியில இருக்காங்க மிஸ். பரீட்சை அன்னைக்கும் இருந்தாங்க. இன்னும் அங்கதான் இருக்காங்க. வாஸ்னு எப்படி எழுதறது?"

கேள்வித்தாள் தயாரித்தவருக்கு இவளுடைய ஆயாவைத் தெரியாது. எப்போதும் போல ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறார், அது இந்தப் பிள்ளையின் வீட்டு நிலைமையோடு போய்ப் பொருந்திவிட்டது. திருத்தியவர்மீதும் குறை சொல்ல முடியாது, கையில் இருந்த விடைக்குறிப்பின்படி திருத்தியிருக்கிறார். ஆனாலும் அவள் கேட்ட கேள்வி என்னைப் பல நாள் விடவில்லை. காரணம், அவள் ஆங்கில இலக்கணத்தை மீறவே இல்லை.

அட்டவணை சொல்லாமல் விட்டது

ஆங்கிலத்தில் வினைச்சொல்லின் காலம் ஏன் பின்னுக்குப் போகிறது? அவர் சொன்னது ஒரு நேரம், நான் அதை எடுத்துச் சொல்வது வேறொரு நேரம். நான் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் அவர் பேசிய நேரம் கழிந்துபோயிருக்கிறது. அதனால் அவர் வாக்கியத்தில் இருந்த வினையும் அவரோடு சேர்ந்து பின்னால் போகிறது. 'இஸ்' 'வாஸ்' ஆகிறது. 'வில்' 'வுட்' ஆகிறது. 'கேன்' 'குட்' ஆகிறது. ஏற்கெனவே இறந்த காலத்தில் இருந்தது, 'ஹேட்' சேர்த்துக்கொண்டு இன்னும் ஒரு படி பின்னே போகிறது. 'செட்' என்பதற்குப் பதில் 'சேஸ்' என்று நிகழ்காலத்தில் இருந்தால் எதுவும் நகர்வதில்லை, ஏனென்றால் இரண்டு நேரத்துக்கும் நடுவே இடைவெளி இல்லை. இதுவரைக்கும் எல்லா ஆசிரியர்களும் சொல்லிக்கொடுப்பதுதான்.

அட்டவணை சொல்லாமல் விடுவது என்னவென்றால், சொல்லப்பட்ட விஷயம் நான் எடுத்துச் சொல்லும் நேரத்திலும் அப்படியே இருக்குமானால், காலத்தை மாற்றாமல் விடுவதற்கும் ஆங்கிலம் இடம் கொடுக்கிறது. மாற்றினாலும் சரி, மாற்றாவிட்டாலும் சரி. மாற்றாமல் விட்டால், அந்தச் செய்தி இன்றைக்கும் உண்மை என்று எடுத்துச் சொல்கிறவரும் ஒப்புக்கொள்வதாகத் தொனிக்கும். நம் பள்ளிக்கூடங்களில் இதிலிருந்து ஒரே ஒரு துண்டை மட்டும் பிரித்தெடுத்துப் பொதுவான உண்மை என்று பெயர் வைத்திருக்கிறோம். பூமி சூரியனைச் சுற்றுகிறது, சூரியன் கிழக்கே உதிக்கிறது, தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கிறது, இவற்றுக்கு மட்டும் காலம் மாறாது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆயா ஆஸ்பத்திரியில் இருப்பது உலகப் பொது உண்மை ஆகாது. ஆனால் இந்த வாரத்தின் உண்மை, இந்த வீட்டின் உண்மை. அதற்கு அட்டவணையில் இடம் கிடையாது.

'நவ்' என்றால் 'தென்', 'டுமாரோ' என்றால் 'தி நெக்ஸ்ட் டே', 'ஹியர்' என்றால் 'தேர்' என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதிலும் இதே குறைதான். இந்த ஊரில் ஒருவர் சொன்னதை இந்த ஊரிலேயே நின்று நான் திரும்பச் சொன்னால் 'ஹியர்' எதற்கு 'தேர்' ஆக வேண்டும்? கோட்டை மைதானத்தில் நின்று "இங்கே காற்று நல்லா வருது" என்று என் தோழி சொன்னதை, அதே மைதானத்தில் பின்னால் வருகிற அவள் கணவரிடம் சொல்லும்போது "அங்கே காற்று வருதுன்னு சொன்னா" என்று சொன்னால் அவர் திரும்பி எங்கே என்று தேடுவார். மாறுவது சொல்கிறவர் நிற்கும் இடத்தையும் நேரத்தையும் பொறுத்தது. அந்த இரண்டையும் கேள்வியில் கொடுக்காமல், மாற்று என்று மட்டும் கேட்கிறோம்.

போனில் அவள் சொன்ன விதம்

அன்று மாலை மற்ற பிள்ளைகள் போன பிறகு அவளிடம் ஆயாவைப் பற்றிக் கேட்டேன். ஊர் குடியாத்தம் பக்கம். சர்க்கரை ஏறி, காலில் புண் வந்து, வேலூருக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அம்மா கூடவே இருக்கிறார். அப்பாவுக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை, நினைத்தால் வர முடியாது. அதனால் பள்ளி விட்டதும் இவள் ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் ரவுண்ட்ஸில் சொன்னதை அப்பாவுக்குப் போனில் சொல்வாள். வேலூர் ஆஸ்பத்திரி வார்டுகளில் எத்தனை மொழி கேட்கும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சிஎம்சி மருத்துவமனை எதிரே உள்ள தெருக்களில் கடைப்பலகை வங்காளியில் இருக்கும், பக்கத்துக் கட்டிலில் இந்தி, டாக்டர்கள் தங்களுக்குள் ஆங்கிலம். ஆயாவுக்குத் தமிழ் மட்டும்தான். டாக்டர் ஆயாவிடம் தமிழில் கொஞ்சம் சொல்வார், ஜூனியரிடம் ஆங்கிலத்தில் நிறையச் சொல்வார். அந்த நிறையை இவள் காதில் வாங்கிக்கொண்டு அம்மாவுக்கும் ஆயாவுக்கும் அப்பாவுக்கும் சொல்ல வேண்டும். பதினைந்து வயதுப் பெண்.

"போன்ல எப்படிச் சொல்லுவ? நேத்து சொன்னத அப்படியே சொல்லு" என்றேன். கூச்சப்பட்டாள், அப்புறம் சொன்னாள். "டாக்டர் வந்தாரு நைனா. சக்கரை கொறஞ்சிருக்குன்னு சொன்னாரு. நாளைக்குக் காலையில மறுபடி ரத்தம் எடுப்பாங்களாம். வெறும் வயித்துல இருக்கணுமாம். உன்ன ஞாயித்துக்கெழம வரச் சொன்னாங்க அம்மா."

இந்தச் சிறு பேச்சை நான் மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை குறைந்ததை டாக்டரே சொல்லி இவள் நேரில் கேட்டிருக்கிறாள், அதற்கு 'சொன்னாரு' என்று ஆளைக் காட்டிச் சொல்கிறாள். ரத்தம் எடுக்கப்போவது நர்ஸ் அம்மாவிடம் சொல்லி, அம்மா வழியாக இவளுக்கு வந்த செய்தி. அதற்கு 'எடுப்பாங்களாம்' என்று ஓர் 'ஆம்' சேர்க்கிறாள். கேள்விப்பட்டதைத்தான் சொல்கிறேன், பொறுப்பு என்னுடையதல்ல என்று அந்த 'ஆம்' அறிவித்துவிடுகிறது. அம்மா சொன்னது கட்டளை வாக்கியம், 'வாங்க' என்பது 'வரச் சொன்னாங்க' ஆகிறது, ஆங்கிலத்தில் 'டோல்ட் யூ டு கம்' என்று வருவதுபோலவே. நான் கேட்டேன்: "அந்த ரத்தம் எடுக்கற சேதிய இன்னைக்குச் சாயங்காலம் மறுபடி சொல்லணும்னா எப்படிச் சொல்லுவ?" உடனே பதில் வந்தது. "இன்னைக்குக் காலையில எடுப்பாங்கன்னு சொன்னாங்க, எடுத்துட்டாங்க." நாளைக்கு என்பது தானாக இன்னைக்கு ஆகிவிட்டது. 'மறுநாள்' என்று அவள் சொல்லவில்லை. அந்த மறுநாளிலேயே அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.

அவள் தன் மொழியில் இதை எப்போதோ படித்து முடித்துவிட்டாள். பிழை இல்லாமல், யோசிக்காமல், நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட செய்திகளில் தினமும் செய்துகொண்டிருக்கிறாள். இதே பெண்ணுக்கு நாங்கள் ஓர் அட்டவணையைக் கொடுத்து, நீ நிற்கும் இடத்தை மறந்துவிட்டு இடது பக்கம் உள்ளதை அழித்து வலது பக்கம் உள்ளதை எழுது என்று பழக்கியிருக்கிறோம். அன்று பரீட்சையில் அவளுக்குள் இருந்த பழைய அறிவு இந்தப் பழக்கத்தை மீறி வெளியே வந்திருக்கிறது. அதற்குக் கிடைத்தது பூஜ்யம்.

சரி, அடுத்த பரீட்சையில் என்ன எழுதுவது? அதையும் நான் அவளுக்குச் சொல்லியாக வேண்டும், மதிப்பெண் அவளுக்கு முக்கியம். "ஆயாவுக்கு நல்லாயிடுச்சு, வீட்டுக்கு வந்துட்டாங்கன்னு வெச்சுக்கோ. அடுத்த வருஷம் பொங்கலுக்கு உங்க சித்தி வர்றாங்க. அன்னைக்குப் பரீட்சை சமயத்துல அம்மா உங்கிட்ட என்ன சொன்னாங்கன்னு அவங்களுக்குச் சொல்ற. அப்ப எப்படிச் சொல்லுவ?" என்று கேட்டேன். அவள் யோசித்தாள். "அப்ப வாஸ் வரும் மிஸ். தென்னும் வரும்." "பரீட்சையில எப்பவும் அந்தப் பொங்கல்ல நின்னுக்கிட்டு எழுது" என்றேன். தலையாட்டினாள். 'வாஸ்' என்றால் ஆயா இல்லாமல் போய்விட்டதாக ஆகிவிடும் என்று அவள் உள்ளூரப் பயந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்கு வந்துவிட்ட ஆயாவுக்கும் அதே 'வாஸ்' பொருந்தும் என்று தெரிந்ததும் முகம் தெளிந்துவிட்டது.

'என்று' செய்கிற வேலை

அதற்குப் பிறகு நான் பாடத்தைத் தமிழிலிருந்து தொடங்க ஆரம்பித்தேன். தொடங்கியதும் பல வருடங்களாக நான் திருத்திவந்த தவறுகளின் வேர் கண்ணில் பட்டது. நம் பிள்ளைகள் 'ஹி ஆஸ்க்டு தட் வேர் ஆர் யூ கோயிங்' என்று எழுதுவார்கள். 'ஆஸ்க்டு' வந்தால் 'தட்' வராது என்று நூறு முறை சொன்னாலும் எழுதுவார்கள். தமிழில் 'வருகிறேன் என்று சொன்னான்', 'எங்கே போகிறாய் என்று கேட்டான்', 'போ என்று அதட்டினான்', 'ஐயோ என்று அலறினான்', எல்லாவற்றுக்கும் ஒரே 'என்று' போதும். செய்தியோ கேள்வியோ கட்டளையோ உணர்ச்சியோ, எதுவாக இருந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். செய்திக்கு 'தட்', ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு 'இஃப்' அல்லது 'வெதர்', மற்றக் கேள்விகளுக்கு அந்தக் கேள்விச் சொல்லே பாலம், கட்டளைக்கு 'டு'. பிள்ளை 'என்று' இருக்கும் இடத்திலெல்லாம் 'தட்' போடுகிறது. கவனக்குறைவு என்று நினைத்து அதட்டுவதில் பயனில்லை, அது தன் மொழியின் ஒழுங்கைத்தான் பின்பற்றுகிறது. 'டோல்ட் தட்' என்று ஆளைச் சொல்லாமல் எழுதுவதும் அப்படித்தான். தமிழில் 'சொன்னான்' தனியாகவும் நிற்கும், 'என்னிடம் சொன்னான்' என்றும் நிற்கும். ஆங்கிலத்தில் 'செட்' தனியாக நிற்கும், 'டோல்ட்' யாரிடம் என்று கேட்கும்.

கேள்வி வாக்கியத்தில் சொற்களின் வரிசை திரும்புவதும் பிள்ளைகளைத் திணறடிக்கும். 'வேர் ஆர் யூ கோயிங்' என்பது 'வேர் ஐ வாஸ் கோயிங்' ஆக வேண்டும், அதாவது கேள்வி தன் கேள்வி வரிசையை இழந்து சாதாரண வாக்கியத்தின் வரிசைக்கு வர வேண்டும். தமிழில் கேள்விக்கென்று தனி வரிசையே கிடையாது. 'நீ எங்கே போகிறாய்', 'நீ வீட்டுக்குப் போகிறாய்', இரண்டிலும் சொல் அதே இடத்தில்தான் இருக்கிறது. இதை ஒருமுறை கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும், 'தட்' தவறு பாதிக்குமேல் நின்றுவிடுகிறது.

நம் மொழிக்கு இருக்கிற வசதி ஆங்கிலத்துக்கு இல்லாத இடமும் உண்டு. 'ரவி டோல்ட் கோபி தட் ஹி ஹேட் பாஸ்டு' என்றால் தேறியது ரவியா கோபியா? வாக்கியத்தில் விடை இல்லை. 'தான் தேறிவிட்டதாக ரவி கோபியிடம் சொன்னான்' என்றால் சந்தேகமே இல்லை. அந்தத் 'தான்' யார் பேசினாரோ அவரைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. இதைச் சொன்னபோது பிள்ளைகளின் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டும். பிறர் சொன்னதைப் பிறர் சொன்னதாகவே சொல்வதில் நமக்கு நெடுங்காலப் பழக்கம் இருக்கிறது. தொல்காப்பியர் முதல் நூற்பாவிலேயே எழுத்து முப்பது 'என்ப' என்கிறார். தானே கண்டதாகச் சொல்லாமல், அறிந்தவர்கள் இப்படிச் சொல்வார்கள் என்று அவர்கள் கணக்கில் வைக்கிறார்.

கோட்டையிலும் கோர்ட்டிலும்

எடுத்துச் சொல்கிறவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட நான் தூரம் போக வேண்டியதில்லை. கோட்டையைச் சுட்டிக் காட்டினால் போதும். 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த நாள், எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய மாதம் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் ஆங்கிலேய அதிகாரி ஃபோர்ப்ஸிடம் போய், கோட்டைக்குள் சதி நடக்கிறது என்று சொன்னார். அதிகாரி என்ன செய்தார்? இந்தப் பேச்சு உண்மையா என்று விசாரித்துச் சொல்லும்படி இந்திய அதிகாரிகளிடமே ஒப்படைத்தார். அவர்களில் பலருக்குச் சதியில் பங்கு இருந்தது. இவனுக்குப் புத்தி சரியில்லை என்று அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். முஸ்தபா பேக்கைச் சிறையில் போட்டார்கள். எழுச்சி நடந்து முடிந்த பிறகு கிழக்கிந்தியக் கும்பெனி அவருக்குப் பணமும் ஓய்வூதியமும் கொடுத்தது. அவர் செய்தது சரியா தவறா என்பது வேறு பேச்சு, அதில் நம் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. நான் பிள்ளைகளிடம் கேட்பது இதைத்தான்: அவர் சொன்ன வாக்கியம் ஒன்று, மேலே போய்ச் சேர்ந்த வாக்கியம் வேறு. நடுவில் என்ன மாறியது? காலமோ இடமோ மாறவில்லை. 'சதி நடக்கிறது என்று எச்சரித்தார்' என்பது 'சதி நடக்கிறது என்று உளறுகிறார்' ஆகிவிட்டது. மேற்கோள் குறிக்குள் இருந்ததை ஒருவரும் தொடவில்லை, வெளியே இருந்த வினைச்சொல் ஒன்றுதான் மாறியது.

கோர்ட் விஷயம் என் அண்ணன் மூலம் தெரிந்தது. அவர் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி கூண்டில் நிற்பவரிடம் வக்கீல் கேள்வி கேட்பார், சாட்சி பல நேரம் 'ஆமாங்க', 'இல்லைங்க' என்று மட்டும் சொல்வார். ஆனால் பதிவாகும்போது பெரும்பாலும் கேள்வியும் பதிலுமாக இருக்காது, சாட்சியே தொடர்ச்சியாகப் பேசியதுபோல் எழுதப்படும். வக்கீல் 'நீங்கள் அன்று அங்கே இல்லை, சரியா?' என்று கேட்டு இவர் 'இல்லைங்க, இருந்தேன்' என்று சொன்னால், தாளில் 'நான் அன்று அங்கே இல்லை என்று சொன்னால் சரியல்ல' என்று வரும். வக்கீலின் கேள்வி சாட்சியின் வாய்க்குள் போய், சாட்சியின் மறுப்பாக வெளியே வருகிறது. இன்டைரக்ட் ஸ்பீச்சில் இதைவிடக் கடினமான பயிற்சி எனக்குத் தெரியாது. அண்ணன் அதைப் பல வருடம் செய்திருக்கிறார். சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது: பார்த்ததைப் பற்றிய சாட்சியம் என்றால் பார்த்தவரே சொல்ல வேண்டும், கேட்டதைப் பற்றியது என்றால் கேட்டவரே சொல்ல வேண்டும். 'பார்த்தாராம்' என்று இன்னொருவர் வந்து சொல்வதைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். அந்தப் பெண் போனில் 'ஆம்' போட்ட இடமும் போடாத இடமும் எனக்கு இங்கே நினைவுக்கு வரும்.

முஸ்தபா பேக்கின் கதையில் வினைச்சொல் செய்த வேலையை, கட்டளை வாக்கியங்களில் பிள்ளைகள் தினமும் செய்கிறார்கள். கைடுகளில் இன்னும் 'தி மாஸ்டர் செட் டு தி சர்வன்ட்' என்ற வாக்கியம் வருகிறது. எஜமான் சொன்னால் 'ஆர்டர்டு', வேலைக்காரர் சொன்னால் 'ரிக்வெஸ்டட்', 'ப்ளீஸ்' இருந்தாலும் 'ரிக்வெஸ்டட்' என்று போட்டிருக்கிறார்கள். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. யார் பெரியவர் யார் சின்னவர் என்று பார்த்து வினைச்சொல் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தைப் பதினைந்து வயதில் இலக்கணம் என்ற பெயரில் ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும்? நான் பாகாயம் - காட்பாடி டவுன் பஸ்ஸை எடுத்துக்கொள்வேன். கண்டக்டர் 'உள்ள போங்க, உள்ள போங்க' என்கிறார். அது ஆர்டரா, ரிக்வெஸ்டா? பிள்ளைகள் சண்டை போடுவார்கள். காலையில் கூட்டத்தில் சொன்னால் ஆர்டர் என்பான் ஒருவன். படியில் தொங்குகிறவனிடம் சொன்னால் 'வார்ன்ட்' என்பாள் இன்னொருத்தி. வயதான அம்மாவிடம் 'உள்ள போய் உட்காருங்க' என்றால் 'அட்வைஸ்டு' என்பார்கள். எது என்று நிச்சயமாகத் தெரியாதபோது 'டோல்ட்' போட்டால் போதும், அது யாரையும் உயர்த்தாது, தாழ்த்தாது என்று சொல்லிக்கொடுக்கிறேன். பேசியவரின் தொனி நமக்குத் தெரியாவிட்டால், தெரிந்ததுபோல் ஒரு வினைச்சொல்லை அவர் தலையில் கட்டக் கூடாது.

கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இரண்டு மதிப்பெண் கேள்விதான், ஆனால் அதில் ஒரு வரி கூடுதலாகச் சேருங்கள். யார், யாரிடம், எங்கே, எப்போது எடுத்துச் சொல்கிறார் என்று கொடுங்கள். அட்டவணையை அழிக்க வேண்டாம், அது தேவைதான். அதை எப்போது பயன்படுத்துவது என்று பிள்ளையே முடிவு செய்ய வழி கொடுங்கள்.

டியூஷனில் நான் கொடுத்துப் பார்த்த கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். சென்னையில் இருக்கும் அண்ணன் திங்கட்கிழமை வேலூரில் இருக்கும் தங்கைக்குப் போன் செய்து, 'ஐ வில் கம் தேர் டுமாரோ' என்கிறான். இதைத் தங்கை நான்கு முறை எடுத்துச் சொல்ல வேண்டும். திங்கள் சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம், செவ்வாய் காலை அதே அம்மாவிடம், புதன்கிழமை அண்ணன் வராமல் போன பிறகு பக்கத்து வீட்டாரிடம், சில மாதம் கழித்து பெங்களூரில் ஒரு தோழியிடம். முதல் முறை 'ஹி வில் கம் ஹியர் டுமாரோ' வந்தது, சிலர் 'வுட்' எழுதினார்கள். இரண்டாவதில் 'டுமாரோ' போய் 'டுடே' வந்தது. மூன்றாவதில் எல்லோரும் ஒரே குரலில் 'வுட்' என்றார்கள், 'யெஸ்டர்டே' என்றார்கள், வராதவனுக்கு 'வில்' எப்படிப் பொருந்தும் என்று ஒருவன் கேட்டான். நான்காவதில்தான் 'தி நெக்ஸ்ட் டே' வந்தது. அதில் 'கம்' இருக்க வேண்டுமா 'கோ' ஆக வேண்டுமா என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது. தோழியும் தானும் பெங்களூரில் இருப்பதால் 'கோ' என்றார்கள் ஒரு பக்கம். நம் வீட்டுக்கு வருவதைப் பற்றிப் பேசும்போது எந்த ஊரில் இருந்தாலும் 'கம்' தான் என்றார்கள் இன்னொரு பக்கம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் முழு மதிப்பெண் போட்டேன், முதல் வரியில் 'வில்' எழுதியவர்களுக்கும் 'வுட்' எழுதியவர்களுக்கும் அப்படியே.